‘ட்ராக்கர்’ என்று ஒன்று ஓடுகிறதா? லினக்சில் பின்னணிக் கோப்பு வாசிப்பை அறிகுறி பார்த்து நிறுத்தும் முறை

“தம்பி, என்ர கொம்பியூட்டருக்குள்ள ட்ராக்கர் எண்டு ஒண்டு ஓடிக்கொண்டிருக்குது. ஆரும் என்னைக் கண்காணிக்கினமோ?”

முழங்காவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். வன்னியில் இத்தனை காலம் இருந்த ஒருவருக்கு அந்தப் பெயரைத் திரையில் கண்டதும் நெஞ்சு திக்கென்றதில் புதுமை இல்லை. “இல்லை சேர். அது வெளியில ஒருத்தருக்கும் ஒண்டும் அனுப்பாது. உங்கட கோப்புகளை ஒவ்வொண்டா வாசிச்சு, உங்கட மெசினுக்குள்ளயே, நீங்கள் தேடினா கெதியா எடுத்துத் தர, எந்தச் சொல் எந்தக் கோப்பில எண்டு ஒரு சொல்லடைவு எழுதிக்கொண்டிருக்குது” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அப்ப ஏன் தம்பி மெசின் இப்பிடி இழுக்குது?” என்றார்.

அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் கீழே இருப்பது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபிறகு, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோ சகோதரங்களோ பாவித்துவிட்டு அனுப்பிய மெசின்கள். 4 ஜிபி ராம், சுழலும் ஹாட் டிஸ்க். உள்ளே இருப்பது மட்டும் லேசான சரக்கில்லை. இடப்பெயர்வில் ஒரு தடவை எல்லாப் பத்திரத்தையும் தொலைத்த சனம், காணி அனுமதிப்பத்திரம் முதல் பிள்ளையின் தடுப்பூசி அட்டை வரை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறது. அதோடு பத்து வருடத்துப் படங்கள், கடந்தகால வினாத்தாள்கள், போனில் இருந்து இறக்கிய வீடியோக்கள். இத்தனையையும் ஒரு நிரல் முதலில் இருந்து கடைசி வரை வாசிக்கத் தொடங்கினால் அந்த டிஸ்க் என்ன செய்யும்?

கட்டளை வரும் இடங்களில், தொலைபேசியில் சொல்லுவதுபோலவே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். ‘ரி’ வேறு, ‘டி’ வேறு என்பதைக் கவனியுங்கள். மெனுவில் செய்யக்கூடியதை மெனுவிலேயே செய்யலாம். டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) தேவைப்படும் இடங்கள் குறைவு.

முதலில்: ஓடுவது யார்?

எதையும் நிறுத்துவதற்கு முன்னர் டெர்மினலைத் திறந்து ‘ரொப்’ (ரி, ஓ, பி) என்று அடித்து என்ரர் தட்டுங்கள். இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, மேலே மூன்றாவது வரியில் ‘டபிள்யூ ஏ’ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண். டிஸ்க் பதில் தரும் வரைக்கும் புரொசசர் சும்மா காத்திருந்த நேரத்தின் வீதம் அது. 40, 50 என்று நின்றால் உங்கள் தொல்லை டிஸ்கில்தான். மற்றது, வலது ஓரத்தில் உள்ள பெயர்கள். நிரலின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அங்கே முதல் 15 எழுத்துத்தான் தெரியும். ஆகவே ‘ட்ராக்கர்-மைனர்-எஃப்’ என்று வெட்டுப்பட்டோ, ‘பாலூ_ஃபைல்_எக்ஸ்ட்ர்’ என்று முடியாமலோ நின்றால் குழம்ப வேண்டாம்.

ட்ராக்கர் என்பது குனோம் மேசைத்தளத்தின் (திரையில் காணும் மெனு, ஜன்னல்களைத் தரும் தொகுப்பு) ஆள். உபுண்டு, டெபியன் போட்டவர்களிடம் இருக்கும். குனோம் 47 இல் இருந்து அதன் பெயரை ‘லோக்கல்சேர்ச்’ என்று மாற்றிவிட்டார்கள். உபுண்டு 24.04 இல் பழைய பெயர், டெபியன் 13 இல் புதிய பெயர். பாலூ என்பது கேடிஈ பிளாஸ்மா என்ற இன்னொரு மேசைத்தளத்தின் ஆள். 2014 இல் நெப்போமுக் என்ற பழைய நிரலின் இடத்துக்கு வந்தது. ‘கேஸ்வப்டி0’ என்ற பெயர் மேலே நின்றால் அது ராம் போதாத குறை. அதற்கு இங்கே மருந்தில்லை. பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் பக்கங்களைக் குறையுங்கள்.

புரொசசர் பத்து வீதம்கூட இல்லை, ஆனாலும் மெசின் அசையவில்லை

என்னிடம் அதிகம் வருவது இந்த அறிகுறிதான். இந்த நிரல்கள் புரொசசரை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும்படியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சுழலும் டிஸ்கில் வாசிப்பு முனை ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கலாம். நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றி வர 11 மில்லி செக்கன் எடுக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளுக்காக முனை அங்கும் இங்கும் ஓடுகிறபோது, நீங்கள் திறக்கச் சொன்ன கடிதமும் அதே வரிசையில்தான் நிற்கிறது. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போட்ட மெசினில் இந்தத் தொல்லை அநேகமாக வராது. அப்படியான மெசின் என்றால் நிறுத்தாமல் விடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

புதிதாக லினக்ஸ் போட்டு, கோப்புகளை இப்போதுதான் கொண்டுவந்து கொட்டியிருக்கிறீர்கள் என்றால் ஒரு இரவு மெசினைப் பூட்டாமல் விட்டுப் பாருங்கள். முதல் வாசிப்பு ஒருமுறைதான். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அப்படியே இழுத்தால் மட்டும் கீழே போங்கள்.

குனோமில்: செற்றிங்ஸ், பிறகு சேர்ச், அதற்குள் தேடும் இடங்கள் என்ற பகுதி. டொகியூமென்ற்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ் என்று வரிசையாக ஆளிகள் இருக்கும். பிக்சர்சையும் வீடியோசையும் அணைத்துவிடுங்கள். முழங்காவில் ஆசிரியரின் மெசினில் இதை மட்டும்தான் செய்தோம். ஆளியை அணைத்த பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இருவரும் காத்திருந்தோம். “வெளிச்சம் இன்னும் மினுங்குது… இன்னும் மினுங்குது… நிண்டிட்டுது தம்பி” என்றார். நாலு நிமிடம் எடுத்தது. அவரிடம் இருந்த கலியாண வீட்டு வீடியோக்களே ஒரு பெரிய கோப்புறை.

ஒரு கோப்புறையை மட்டும் விலக்க வேண்டும் என்றால், அதற்குள் ‘.நோமீடியா’ என்ற பெயரில், முதலில் புள்ளி வைத்து, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால் போதும். ட்ராக்கர் அந்தக் கோப்புறைக்குள் போகாது. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

முழுக்க நிறுத்துவதானால் டெர்மினலில் இப்படி: ‘சிஸ்டம்சிரிஎல்’ என்பதை எஸ், வை, எஸ், ரி, ஈ, எம், சி, ரி, எல் என்று ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு இரட்டை ஹைபனோடு ‘யூசர்’, இடைவெளி, ‘மாஸ்க்’, இடைவெளி, இரட்டை ஹைபனோடு ‘நௌ’ (என், ஓ, டபிள்யூ), இடைவெளி, பிறகு சேவையின் பெயர். பழையதில் அது ‘ட்ராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3’, புதியதில் ‘லோக்கல்சேர்ச்-3’. முன்னால் ‘சூடோ’ (நிர்வாகி உரிமையோடு ஓடவிடும் சொல்) போடக்கூடாது. இது உங்கள் கணக்குக்குள் ஓடும் சேவை. சூடோ போட்டால் வேறு இடத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும்.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். கோப்பின் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடுவது போய்விடும். குனோம் மியூசிக் செயலி பாட்டுகளைக் கண்டுபிடிக்காது. கோப்பின் பெயரை வைத்துத் தேடுவது மட்டும் எப்போதும்போல நடக்கும், கொஞ்சம் ஆறுதலாக.

நிறுத்தினேன், அடுத்த நாள் திரும்ப வந்துவிட்டது

‘மாஸ்க்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘டிசேபிள்’ என்று அடித்திருப்பீர்கள். ‘டிசேபிள்’ என்றால், தானாக எழும்பாதே என்று சொல்லுவது. ஆனால் கோப்பு மேலாளரைத் திறந்ததும் அது போய் இவரைத் தட்டி எழுப்பும். ‘மாஸ்க்’ என்றால் ஆர் தட்டினாலும் கதவு திறக்காது. மறுபடி வேண்டுமென்றால் அதே கட்டளையில் ‘அன்மாஸ்க்’.

ரியூசன் நிலையங்களில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரே மெசினில் ஐந்தாறு கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு கணக்கில் நிறுத்தியது மற்றக் கணக்கைத் தொடாது. ஒவ்வொன்றிலும் நுழைந்து செய்ய வேண்டும்.

‘ஏபிரி ரிமூவ்’ போட்டு ட்ராக்கரை அடியோடு கழற்றும்படி சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் தொடக்க காலத்தில் ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் அதைச் செய்தேன். கோப்பு மேலாளர் ட்ராக்கரின் நூலகத்தில் தங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதுவும் சேர்ந்து போனது. ‘ஓம்’ என்று அடிப்பதற்கு முன்னர் நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை நான் வாசிக்கவில்லை. அந்த வீட்டில் இணைய இணைப்பும் இல்லை. என் போனின் டேட்டாவில் எல்லாவற்றையும் திரும்ப இறக்கிப் போட்டு முடிய இருட்டிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் ஒப்படை கொடுக்க வேண்டிய நாள்.

இன்வெர்ட்டர் பற்றரி வழமையை விட வேகமாக இறங்குகிறது

கரண்ட் போனதும் பாலூ உள்ளடக்க வாசிப்பை நிறுத்திக்கொள்ளும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மடிக்கணினியின் சொந்த பற்றரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. சோலார், இன்வெர்ட்டரில் ஓடும் மேசைக் கணினிக்குக் கரண்ட் போனதே தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் சுவர் மின்சாரம்தான். பற்றரி செத்துப்போய் எந்நேரமும் செருகி வைத்திருக்கும் மடிக்கணினிக்கும் இதே கதை. அப்படியான வீடுகளில் நான் உள்ளடக்க வாசிப்பை நேரடியாக நிறுத்திவிடுகிறேன்.

கேடிஈயில் சிஸ்டம் செற்றிங்ஸ், சேர்ச், ஃபைல் சேர்ச் என்று போங்கள். கோப்பின் உள்ளடக்கத்தையும் வாசி என்ற தெரிவை எடுத்துவிட்டு, பெயர் மட்டும் என்று வையுங்கள். பெயர்ச் சொல்லடைவு சின்னது. அதை வைத்திருப்பதால் மெசின் களைக்காது. அதே பக்கத்தில் விலக்க வேண்டிய கோப்புறைகளைச் சேர்க்கும் இடமும் இருக்கிறது.

கரண்ட் திடீரென்று போய் மெசினும் சேர்ந்து நின்ற பிறகு பாலூ ஓயாமல் ஓடத் தொடங்கினால், எழுதிக்கொண்டிருந்த சொல்லடைவு பழுதாகியிருக்கலாம். ‘பாலூசிரிஎல்’ என்பதை பி, ஏ, எல், ஓ, ஓ, சி, ரி, எல் என்று அடித்து, இடைவெளி விட்டு ‘பேர்ஜ்’ (பி, யூ, ஆர், ஜி, ஈ) என்று அடியுங்கள். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பிளாஸ்மா 6 என்றால் ‘பாலூசிரிஎல்’ உடன் ஒட்டி 6 என்ற எண்ணையும் போட வேண்டும். ‘பேர்ஜ்’ இருக்கும் இடத்தில் ‘மொனிற்றர்’ என்று அடித்தால் இந்த நொடியில் எந்தக் கோப்பை வாசிக்கிறது என்று காட்டும். ஒரே கோப்பின் பெயர் பத்து நிமிடமாக மாறாமல் நின்றால், குற்றவாளி அந்தக் கோப்புத்தான். அதை விலக்கிய கோப்புறைக்குள் தள்ளிவிடுங்கள்.

சொல்லடைவு எல்லாம் முடிந்தது, தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை

வன்னியில் முழு உள்ளடக்க வாசிப்பை நிறுத்தச் சொல்லுவதற்கு எனக்கு இருக்கும் பெரிய காரணம் இதுதான்.

எங்கள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் போட்டோ கொப்பிக் கடைகளிலும் நீண்ட காலம் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டது, இன்றும் அடிக்கப்படுகிறது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த கோப்புக்குள் உண்மையில் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து தட்டெழுத்துகள். அந்த எழுத்துரு இருப்பதால்தான் எங்கள் கண்ணுக்கு அது ‘அம்மா’. ட்ராக்கருக்கும் பாலூவுக்கும் எழுத்துருவைப் பற்றிக் கவலை இல்லை. அவை உள்ளே கிடப்பதைத்தான் வாசிக்கும். ஆகவே நீங்கள் யுனிகோடில் ‘அம்மா’ என்று தேடினால், அந்தச் சொல் நூறு தடவை வரும் கோப்பும் அகப்படாது. பாமினிக் கோப்பில் இருந்து செய்த பிடிஎஃபும் அப்படியே.

ஸ்கேன் செய்த வினாத்தாள்களும் பத்திரங்களும் இதைவிட மோசம். அவை படங்கள். உள்ளே எழுத்தே இல்லை. ஆயிரம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் இல்லாமல் நிரல் திரும்பி வரும். டிஸ்க் தேய்ந்ததுதான் மிச்சம்.

பரந்தனில் கணிதம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் மெசினில் இதை அவருக்கு நேரே காட்டினேன். அவரே அடித்த வினாத்தாள் ஒன்றை எழுத்துரு மாற்றித் திறந்தபோது, பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். “இதையே இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டிருந்தது?” என்றார். அன்றைக்கே அவர் கோப்புகளுக்குப் பெயர் மாற்றத் தொடங்கினார். ‘புதியது 2’, ‘கடைசி’, ‘கடைசி கடைசி’ என்று கிடந்தவை, ‘2019 சாதாரண தரம் கணிதம் பகுதி 2’ என்று யுனிகோடுப் பெயராயின. பெயரை மட்டும் சொல்லடைவில் வைத்தாலே அவருக்கு வேண்டியது இப்போது இரண்டு செக்கனில் வருகிறது. அடிக்கடி பாவிக்கும் பாமினிக் கோப்புகளை ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி வைத்தால் இன்னும் நல்லது. இருந்து செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் செய்தால் அந்த எழுத்து எங்கு போனாலும் தமிழாகவே இருக்கும்.

இடம் நிரம்பிவிட்டது

ஹோம் கோப்புறையில் கொன்ட்ரோல், எச் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். கேடிஈயில் ‘.லோக்கல்’, ‘ஷெயார்’, ‘பாலூ’ என்ற வழியில் போங்கள், குனோமில் ‘.காஷ்’ என்பதற்குள் ‘ட்ராக்கர்3’. அதன் அளவைப் பாருங்கள். பல ஜிபி இருந்தால், முதலில் மேலே சொன்னபடி நிறுத்துங்கள், பிறகு அழியுங்கள். ஓடவிட்டபடி அழித்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து வாசிக்கத் தொடங்கும். அழிப்பதால் உங்கள் கோப்பு ஒன்றும் போகாது.

மெசினை விற்பதற்கோ திருத்தக் கொடுப்பதற்கோ முன்னரும் இதை அழியுங்கள். உங்கள் கடிதங்களில் இருந்த சொற்கள் அதற்குள் இருக்கின்றன. மூலக் கோப்பை நீக்கிய கையோடு இதுவும் நீங்கிவிட்டது என்று நம்பியிருக்க வேண்டாம்.

இடம் இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று ஒரு செயலி முறைப்பட்டால் அது வேறு. கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்க ஒவ்வொரு பயனருக்கும் ஒரு எல்லை உண்டு. பழைய கேர்னல்களில் (லினக்சின் மையப் பகுதி) அது 8192 கோப்புறை. கேர்னல் 5.11 இல் இருந்து ராமின் அளவைப் பார்த்துக் கூட்டிவிட்டார்கள். சொல்லடைவு நிரல் அத்தனையையும் பிடித்துவைத்தால் மற்றச் செயலிக்கு ஒன்றும் மிஞ்சாது. கோப்புறைகளை விலக்கினால் இதுவும் தீரும்.

நாளுக்கு ஒருமுறை, திறந்து கொஞ்ச நேரத்தில் மட்டும் இழுக்கிறது

‘ரொப்’பில் ‘அப்டேற்டிபி’ என்று நிற்கும். இது ‘லொகேற்’ கட்டளைக்காகப் பெயர்களை மட்டும் திரட்டும் நிரல். நாளுக்கு ஒருமுறை ஓடும். அந்த நேரம் மெசின் பூட்டியிருந்தால் அடுத்த முறை திறந்ததும் ஓடும். ‘லொகேற்’ பாவிப்பதில்லை என்றால் ‘பிலொகேற்’ பொதியை நீக்கிவிடலாம். இதை நீக்குவதால் மேசைத்தளத்துக்கு ஒரு கேடும் இல்லை.

பென் டிரைவை வெளியேற்ற விடவில்லை

எக்ஸ்எஃப்சிஈ என்ற மேசைத்தளம் பாவிப்பவர்களிடம் இது அதிகம். சின்னப் படங்களை உருவாக்கும் ‘டம்ளர்டி’ பென் டிரைவில் உள்ள வீடியோவைப் பிடித்துக்கொண்டு விடாது. துனார் கோப்பு மேலாளரின் விருப்பத்தெரிவுகளில் சின்னப் படம் காட்டுவதை, ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றுங்கள்.

அதற்கு முன்னர், எழுதி முடிந்ததா என்று பாருங்கள். கொப்பி பண்ணும் பட்டை நூறு வீதம் காட்டினாலும் கடைசிப் பகுதி ராமில் காத்திருக்கலாம். டெர்மினலில் ‘சிங்க்’ (எஸ், வை, என், சி) என்று அடித்து, வரி திரும்பி வரும் வரைக்கும் பொறுங்கள். அவசரத்தில் இழுத்து எடுத்த பென்னோடு கடைக்குப் போய்க் கோப்பு திறக்காமல் நின்ற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

எல்லாம் நிறுத்தியாயிற்று, டிஸ்க் இன்னும் சத்தம் போடுகிறது

சத்தத்தைக் கேளுங்கள். வாசிக்கும் சத்தம் கரகரவென்று ஒழுங்கில்லாமல் இருக்கும். ‘டிக்… டிக்… டிக்…’ என்று ஒரே இடைவெளியில் தட்டினால், சொல்லடைவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. குனோமின் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தரவு என்ற பக்கத்தில், பழுதாகி இடமாற்றிய பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பூச்சியம் என்றால் நல்லது. எண் இருந்து, அடுத்த கிழமை பார்க்கும்போது கூடியும் இருந்தால் வேறொன்றும் செய்ய வேண்டாம். லினக்சைத் திரும்பப் போடவும் வேண்டாம். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், ஆட்களின் படங்கள், இந்த ஒழுங்கில் வேறொரு டிஸ்குக்குக் கொப்பி பண்ணுங்கள். வீடியோக்களைக் கடைசிக்கு விடுங்கள்.